தொண்ணூற்று நான்கு வோல்ட்

செத்துப்போன கம்பியில் தொண்ணூற்று நான்கு வோல்ட் காட்டியது என் மீட்டர்.

நான் மீட்டரைத் தட்டினேன். உதறினேன். பேட்டரியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டேன். எழுபத்தொன்று. கொஞ்ச நேரத்தில் நூற்றெட்டு. மறுபடி தொண்ணூற்று நான்கு. காலை ஒன்பது மணிக்கே மாடிப்படி உச்சியில் இருக்கும் என் அறை ரொட்டி அடுப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது, இந்தக் கழுதை மீட்டர் என்னோடு விளையாடிக்கொண்டிருந்தது.

மூன்று நாளாக எங்கள் வரிசை வீடுகளுக்கு அரசுக் கரண்டு இல்லை. பஸ்ராவில் ஆகஸ்ட் மாதம் அது இரண்டு மணி நேரம் வரும், இரண்டு மணி நேரம் போகும். அதெல்லாம் பழகிய கூத்து. இது அப்படியில்லை. மூலைக் கம்பத்தில் எங்களுக்கு வரும் கம்பி அறுந்து, மனிதன் கையெட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எதிர் வரிசைக்காரர்கள் வேறு கம்பி. அவர்கள் குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கினார்கள். நாங்கள் தெருவுக்குப் பொதுவான ஜெனரேட்டர் காசுக்குத் தரும் சொற்பக் கரண்டில் ஒரு மின்விசிறியை எந்த அறையில் வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

என் அறைக்கு வருவது அதன் மறுமுனை. அறுந்து அந்தரத்தில் தொங்குகிற கம்பியில் பூஜ்யம்தான் இருக்க வேண்டும். தொண்ணூற்று நான்கு எங்கிருந்து வந்தது?

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவன். எலக்ட்ரானிக்ஸ் எனக்குத் தொழில் இல்லை, வியாதி. ஈயம் உருகும் வாசனை மூக்கில் ஏறாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் மாடிப்படிக்குக் கீழே ஒரு கை சுவிட்ச் இருக்கும். மேலே தள்ளினால் வீடு அரசுக் கரண்டில் ஓடும், கீழே தள்ளினால் தெரு ஜெனரேட்டரில் ஓடும். கரண்டு வரும்போதும் போகும்போதும் யாராவது ஓடிப்போய்த் தள்ள வேண்டும். அந்த ஓட்டம் வேண்டாம் என்று போன வாரம்தான் நான் ஒரு பெட்டி செய்து மாட்டியிருந்தேன். அரசுக் கரண்டு வந்ததா என்று பெட்டியே பார்க்கும். வந்தால் உள்ளே ரிலே என்கிற ஒரு தானியங்கிச் சுவிட்ச் ஜெனரேட்டர் கதவை மூடும், அப்புறம் இன்னொரு ரிலே அரசுக் கதவைத் திறக்கும். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. திறந்திருந்தால் ஜெனரேட்டர் கரண்டு வீட்டுக்குள் வந்து, பின்வழியாகத் தெருக் கம்பிக்குப் போய்விடும். பழைய கை சுவிட்சில் அது நடக்கவே வழியில்லை. மேலே இருக்கும் கைப்பிடி கீழேயும் இருக்க முடியாது. அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு, வயர்களை மேலே என் அறைக்கு இழுத்துத்தான் என் பெட்டியை மாட்டினேன்.

"சுவிட்சத் தள்ள எனக்குக் கை இல்லையா? உன்கிட்ட நான் கேட்டேனா?" என்றாள் என் மனைவி ஹனாதி, அன்றைக்கு. நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்தப் பெட்டி காலையிலிருந்து டக், டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அரசுக் கரண்டு வந்துவிட்டது என்று அதற்கு ஒரு நினைப்பு. அடுத்த நொடி இல்லை என்று ஒரு நினைப்பு. மின்விசிறி தவித்தது. ஃபிரிட்ஜ் உறுமி உறுமி நின்றது.

"உஸ்தாத், உன் பொட்டி பல்லைக் கடிக்குது. அதுக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று கீழேயிருந்து கத்தினாள் ஹனாதி. கோபம் வந்தால்தான் அவள் என்னை உஸ்தாத், வாத்தியார், என்பாள்.

"கம்பியில கரண்டு இருக்குடி! அறுந்த கம்பியில!"

கீழே மாவுப் பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு படியேறி வந்தாள். மாவு ஒட்டிய கையோடு மீட்டரைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் மாலை ஐந்து மணி ஞாபகம் வந்தது.

அந்தக் கம்பியைக் கட்டுவதற்கு மாலை ஐந்து மணிக்கு வரப்போவது மிக்தாத். மின் அலுவலகத்தில் கம்பமேறுகிற வேலை. ஹனாதிக்கு ஒரே தம்பி, எனக்கு மச்சான். மூன்று நாளாக அவனை ஃபோனில் நச்சரித்து வரவழைத்ததே நான்தான். யாரோ வீட்டு மிஷினிலிருந்து கரண்டு தெருக் கம்பிக்கு ஏறி, செத்த கம்பி என்று தொட்டவன் அங்கேயே தொங்கிய கதையை மிக்தாதே எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான். அன்று ஹனாதி அவன் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவனுக்கு ஃபோன் போட்டோம். எடுக்கவில்லை. கம்பத்தில் இருக்கும்போது எடுக்க மாட்டான்.

எனக்கு உடனே ஒரு பெயர்தான் தோன்றியது. அபூ நிப்ராஸ். பக்கத்து வீடு. மீன் வியாபாரி. மீன் பெட்டியைக் குளிரில் வைக்க அவர் முற்றத்தில் சொந்தமாக ஒரு பெட்ரோல் மிஷின் ஓடுகிறது. மூன்று நாளாக இரவும் பகலும் அது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாரிடமும் தெருவில் மிஷின் கிடையாது. யோசிக்க என்ன இருக்கிறது? நான் மீட்டரைக் கையில் பிடித்தபடியே அவர் வாசலில் போய் நின்றேன்.

அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய ஷப்பூத் மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தார்.

"அபூ நிப்ராஸ், உங்க மிஷின் தெருக் கம்பியில கரண்டு ஏத்துது. நிறுத்துங்க."

"காலை வணக்கம், உஸ்தாத். உள்ள வாங்க, டீ குடிங்க."

"டீ கெடக்கட்டும். தொண்ணூத்து நாலு வோல்ட்டு! என் மச்சான் சாயங்காலம் கம்பத்துல ஏறப்போறான்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "என் மிஷினுலருந்து ஒரு வயரு, அந்தப் பொட்டிக்குப் போகுது. அவ்வளவுதான். வீட்டு வயரிங்கை அது தொடவே இல்ல. வேணும்னா வந்து பாருங்க."

"மீட்டரு பொய் சொல்லுமா?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

நான் மீட்டரைத்தான் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரர் ஜன்னலைத் திறந்தார். இரண்டு பெண்கள் கதவிடுக்கில் நின்றார்கள். அபூ நிப்ராஸ் எழுந்து, செதில் ஒட்டிய கையை நெஞ்சில் வைத்தார்.

"அப்பாஸ் மேல சத்தியமா, என் வீட்டுலருந்து ஒரு சொட்டுக் கரண்டு அந்தக் கம்பிக்குப் போகல."

எங்கள் ஊரில் அல்லாஹ் மேல் ஒரு நாளைக்கு நூறு சத்தியம் செய்வார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவன் மன்னிக்கிறவன். போரில் உயிரைக் கொடுத்த எங்கள் மகான் அப்பாஸ் அப்படியில்லை. அவர் பெயரில் பொய்ச் சத்தியம் செய்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தவன் இல்லை என்பது பஸ்ராவில் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்ட பயம். அவர் பெயரைச் சொன்ன பிறகு வழக்கு முடிந்தது. எதிராளி கைகுலுக்கிவிட்டுப் போக வேண்டும். அதுதான் முறை. நான் என்ன செய்தேன் என்றால், மீட்டரைத் தூக்கிக் காட்டினேன்.

"சத்தியத்துல வோல்ட்டு குறையாது, அபூ நிப்ராஸ்."

தையல்காரர் ஜன்னலை மூடிக்கொண்டார். அந்த அளவுக்குக் கேவலமான பேச்சு அது. அபூ நிப்ராஸ் முகம் செத்த மீனின் நிறத்துக்குப் போனது. முற்றத்துக்குப் போய் மிஷினை அணைத்தார். தெரு அமைதியானது.

"போங்க. போய் உங்க குரானைப் பாத்துட்டு வாங்க," என்றார், மீட்டரைக் காட்டி.

நான் இரண்டிரண்டு படியாக ஏறினேன். மிஷின் நின்றுவிட்டது. மீட்டர் எண்பத்தெட்டு காட்டியது.

நியாயமான மனிதனாக இருந்தால் அங்கேயே வெட்கப்பட்டிருப்பான். நான் மொட்டைமாடியில் நின்று, "உள்ள இன்னொரு மிஷின் இருக்கா?" என்று கத்தினேன். அவர் தலை நிமிராமல் மீன் சீவிக்கொண்டிருந்தார். எனக்கு உட்கார முடியவில்லை. மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கினேன். மிக்தாதுக்கு ஏழாவது முறையாக ஃபோன் போட்டேன். அந்தப் பக்கத்து வீடு, அடுத்த வீடு என்று சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். எல்லாரும் திருடர்களாகத் தெரிந்தார்கள்.

"தெருவே திருடனா, இல்ல உன் மீட்டரு ஒண்ணு மட்டும் திருடனா?" என்று கேட்டாள் ஹனாதி. "ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். கண்டுபுடி. அஞ்சு மணிக்குள்ள கண்டுபுடி."

மேசை முன்னால் உட்கார்ந்தேன். எரிச்சலில் மீட்டரின் ஒரு முனையை நிலத்துக்குள் இறங்கும் எர்த் கம்பியில் மாட்டிவிட்டு, மறுமுனையை மேசையில் கிடந்த ஒரு துண்டு வயரில் குத்தினேன். கத்தரித்துப் போட்ட ஒரு முழ வயர். எதிலும் இணைக்கப்படாதது. மீட்டர் பத்தொன்பது வோல்ட் காட்டியது.

அந்த வயரை விரலில் சுற்றிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். எதோடும் சேராத வயருக்குப் பத்தொன்பது வோல்ட் என்றால், அதற்கும் அபூ நிப்ராஸ்தான் காரணமா?

ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்தேன். பார்த்துப் பார்த்துக் கண்ணில் படாமலே போன காட்சி. தெரு ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்கு வீடு ஓடும் அறுபது எழுபது வயர்கள், நூடுல்ஸ் மாதிரிச் சிக்கி, செத்த கம்பியோடு கம்பியாகத் தெரு நெடுக ஒட்டிக்கொண்டு போகின்றன. அத்தனை உயிருள்ள வயருக்குப் பக்கத்தில் கிடக்கிற எந்தக் கம்பிக்கும் கொஞ்சம் சூடு ஒட்டத்தான் செய்யும். அது கரண்டு இல்லை, கரண்டின் வாடை. மீட்டருக்கு மூக்கு அதிகம். வாடையையே சாப்பாடு என்று எழுதிவிடுகிறது. உண்மையான கரண்டா, வாடையா என்று தெரிய ஒரே வழிதான் உண்டு. அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

குளியலறையில் இருந்த மஞ்சள் குண்டு பல்பைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தேன். கம்பிக்கும் நிலத்துக்கும் நடுவே மாட்டினேன். பல்பு எரியவில்லை. மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்தது. பல்பை எடுத்தால் தொண்ணூறு, வைத்தால் பூஜ்யம். பெட்டியும் டக் டக்கென்று அடிப்பதை நிறுத்தியது. பத்து முறை வைத்து எடுத்தேன். சிரிப்பாக வந்தது. மிக்தாதுக்கு ஒன்றும் ஆகாது. கம்பியில் ஒன்றுமே இல்லை.

என் பெட்டியின் தவறும் அப்போதே புரிந்தது. எங்கள் அரசுக் கரண்டு காகிதத்தில்தான் இருநூற்று இருபது. வெயிலேறினால் நூற்று நாற்பது, சில நாள் நூறு. அந்த நோஞ்சானையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமே என்று பெட்டியின் கண்ணைக் கூர்மையாக வைத்திருந்தேன். வேறு ஊர்க்காரன் எவனும் அப்படி வைத்திருக்க மாட்டான். நல்ல கரண்டு வரும் ஊரில் தொண்ணூறு வோல்ட்டை எந்தப் பெட்டியும் கரண்டு என்று மதிக்காது.

அபூ நிப்ராஸிடம் போனேன். பல்பைக் காட்டி விளக்கினேன். மீட்டரின் குணம், வயர்களின் வாடை, எல்லாம் சொன்னேன். 'நான் தப்பாகப் பேசிவிட்டேன்' என்ற மூன்று வார்த்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டார். "அப்ப என் சத்தியம் பாஸாயிருச்சா, உஸ்தாத்? பல்பு கையெழுத்துப் போட்டுருச்சா?"

"மிஷினைப் போட்டுக்குங்க, அபூ நிப்ராஸ். மீன் வீணாயிரும்."

"போட மாட்டேன். உங்க மச்சான் வந்து, வேலையை முடிச்சு, ரெண்டு காலும் தரையில வைக்கிற வரைக்கும் போட மாட்டேன். மீன் நாறட்டும். என் பேரு நாற வேணாம்."

வீட்டுக்கு வந்தால் ஹனாதி குளியலறை வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். "பல்பு." கொடுத்துவிட்டேன். அந்தப் பல்பு என் கம்பியிலேயே இருந்திருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும்.

பல்பு போனதும் பெட்டி மறுபடி பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. அந்த வாடையை உறிஞ்சிக்கொள்ள ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்தால் போதும். டப்பாவைக் கொட்டித் தேடினேன், என்னிடம் அந்த அளவில் இல்லை. நாளைக்கு அஷார் கடைவீதியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மதியம் பாம்யா என்ற வெண்டைக்காய்க் குழம்பும் சோறும் சாப்பிட்டுப் படுத்தேன். தலைக்கு மேல் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று மணி வாக்கில் அது நின்றது. 'சனியன் ஒழிந்தது' என்று திரும்பிப் படுத்தேன்.

ஐந்து மணிக்கு மிக்தாத் வந்தான். ஏணி, தோள்பை, இடுப்பில் பெல்ட். முதலில் டிரான்ஸ்ஃபார்மரில் எங்கள் கம்பியின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அந்தப் பக்கத்திலிருந்து இனிக் கரண்டு வர வழியில்லை. பிறகு மூலைக் கம்பத்துக்கு வந்தான். தெருவில் பாதிப் பேர் நிழல் பார்த்து நின்றார்கள். அவன் தொங்குகிற முனையில் டெஸ்டரை வைத்தான். டெஸ்டருக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

"தம்பி, எரியுதுடா!" என்றாள் ஹனாதி.

"இது எப்பவும் சிரிக்கும்க்கா. இந்த ஊருல எந்தச் செத்த கம்பியில வச்சாலும் இது சிரிக்கும். இதைப் பாத்துப் பயந்தா நான் ஒரு கம்பத்துலயும் ஏற முடியாது."

"பேய் வோல்ட்டு," என்றேன் நான், முன்னால் வந்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "காலையிலயே கண்டுபுடிச்சிட்டேன். பல்பு போட்டுப் பாத்தாச்சு. சுத்தமா பூஜ்யம். பயப்படாம ஏறு."

"நீங்க பாத்துட்டீங்களா மச்சான்?"

"பாத்துட்டேன்னு சொல்றேன்ல?"

அவன் கையிலிருந்த தடித்த ரப்பர் உறைகளைக் கழற்றி பெல்ட்டில் செருகிக்கொண்டான். ஐம்பது டிகிரி வெயிலில் உறைக்குள்ளிருந்து வியர்வை கொட்டியது. "அப்ப இது எதுக்கு? இதைப் போட்டுக்கிட்டுக் கம்பிய முறுக்க முடியல," என்றான். ஏணியில் கால் வைத்தான்.

அபூ நிப்ராஸ் வந்து ஏணியைப் பிடித்தார். ஒரு கையில் குண்டு பல்பு, வயரோடு.

"எறங்கு, மகனே."

"என்ன அபூ நிப்ராஸ்?"

"காலையில உன் மச்சான் என்னைப் பொய்யன்னு தெரு முழுக்கக் கேக்கச் சொன்னாரு. அப்புறம் அவரே வீட்டுக்குள்ள ஒரு பல்பைப் போட்டு, அவரே தீர்ப்பும் சொல்லிக்கிட்டாரு. நான் அதைப் பாக்கல. இந்தத் தெருவும் பாக்கல. எல்லாரு கண்ணு முன்னாடியும் இந்தக் கம்பியில பல்பப் போடு. எரியலைன்னு எல்லாரும் பாக்கட்டும். அப்புறம் ஏறு."

"அபூ நிப்ராஸ், வெயிலு போயிரும், பிடிவாதம் பிடிக்காதீங்க," என்றேன்.

"உங்ககிட்ட நான் பேசல, உஸ்தாத்."

மிக்தாத் சிரித்துக்கொண்டே இறங்கினான். எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. டெஸ்டர் சிரிக்கிறது என்றால் வாடை இன்னும் கம்பியில் இருக்கிறது. வாடை இருந்தால் என் பெட்டி அடித்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று மணியிலிருந்து அது ஏன் அடிக்கவில்லை?

நான் ஓடினேன். செருப்பு வாசலிலேயே கழன்றது. படிகள் எத்தனை என்று எனக்குத் தெரியும், இருபத்திரண்டு. அன்று அது முடியவே இல்லை. அறைக்குள் பெட்டியில் இரண்டு சின்ன விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. பச்சையும் எரிந்தது, சிவப்பும் எரிந்தது. எது எரிந்தாலும் மற்றது அணைந்திருக்க வேண்டிய விளக்குகள். காலையிலிருந்து அடித்து அடித்து ஜெனரேட்டர் பக்க ரிலேயின் உதடுகள் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டன. அந்தக் கதவு மூடவில்லை. பெட்டி அது தெரியாமல் அரசுக் கதவையும் திறந்துவிட்டிருக்கிறது. என் வீட்டு ஜெனரேட்டர் கரண்டு தெருக் கம்பிக்கு ஏறுகிறது. ஏறிய கரண்டைப் பெட்டியின் கண் பார்த்து, ஆகா, அரசுக் கரண்டு வந்துவிட்டது என்று நிம்மதியாக நின்றுவிட்டது. மீட்டரை வைத்தேன். இருநூற்றுப் பதினான்கு. அந்த எண் ஆடவில்லை, அசையவில்லை.

கீழே ஒரே கூச்சல். "எரியுது! எரியுது! யா அலீ, எரியுதுப்பா!"

பெட்டிக்குப் பக்கத்திலிருந்த ஜெனரேட்டர் பிரேக்கரை அடித்து இறக்கினேன். பெட்டியின் விளக்குகள் அணைந்தன. கீழே பல்பும் அணைந்திருக்க வேண்டும். கூச்சல் ஒரு நொடி நின்று, பிறகு வேறு மாதிரி எழும்பியது. நான் ஜன்னலுக்குப் போனேன்.

எல்லாரும் அபூ நிப்ராஸைச் சூழ்ந்திருந்தார்கள். "இப்ப அணைஞ்சிருச்சு பாரு! உள்ள ஒளிச்சு வச்ச இன்னொரு மிஷின யாரோ நிறுத்திட்டாங்க!" என்றார் தையல்காரர். "அப்பாஸ் பேரச் சொல்லி..." என்று ஒரு பெண் வாயில் அடித்துக்கொண்டாள். அபூ நிப்ராஸ் பல்பைப் பிடித்தபடி நின்றார். அவரே அதை நம்பாதவராகத் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். மிக்தாத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டி அணைந்துவிட்டது. மிக்தாத் உயிரோடு இருக்கிறான். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ராத்திரி ரிலேயை மாற்றிவிடலாம். இப்படி ஒரு யோசனை என் மண்டையில் ஓடியது, அதை இங்கே மறைக்க மாட்டேன். கொஞ்ச நேரம் ஓடியது. அதற்குள் தையல்காரர் அபூ நிப்ராஸின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

வயர்களைப் பிய்த்துப் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். தூக்கிக்கொண்டு இறங்கித் தெருவில் அவர்கள் நடுவே வைத்தேன்.

"நான்தான். என் பொட்டிதான். அவரை விடுங்க."

ஒருவருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். உருகி ஒட்டிய ரிலேயை விரலால் நெம்பிக் காட்டினேன். "காலையில பூஜ்யம்தான் இருந்துச்சு. மூணு மணிக்கு இது ஒட்டிக்கிச்சு. நான் தூங்கிட்டேன். போய்ப் பாக்காமலே உன்னை ஏறச் சொன்னேன்டா மிக்தாத்."

ஹனாதி என்னைப் பார்க்கவில்லை. அவள் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. நான் அபூ நிப்ராஸ் பக்கம் திரும்பினேன். காலையில் வராத வார்த்தை இப்போது தானாக வந்தது.

"தப்பாப் பேசிட்டேன், அபூ நிப்ராஸ். உங்க சத்தியத்தைவிட மீட்டரைப் பெரிசா நினைச்சேன். மன்னிச்சிருங்க."

அவர் பல்பை வயரோடு சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான் கிடைத்தது.

"இனிமே எங்க பக்கத்துல ஒண்ணும் இல்ல, மிக்தாத்," என்றேன். "பிரேக்கர எறக்கிட்டேன். பொட்டியும் இங்க இருக்கு. அப்பாஸ் மேல சத்தியமா—"

"சத்தியம் வேணாம் மச்சான்." அவன் குரல் உயரவில்லை. "செருப்பு இல்லாமதான் இருக்கீங்க. நல்லதாப் போச்சு. இப்படி வாங்க. நான் மேல இழுத்துக் கட்டுறது போக மிச்சம் தொங்குற இந்த நுனியக் கையில புடிங்க. நான் மேல வேலை செஞ்சு எறங்குற வரைக்கும் புடிச்சிக்கிட்டே நிக்கணும். எனக்கு ஏதாச்சும்னா உங்களுக்கும் ஆகட்டும்."

நான் கம்பியைப் பிடித்தேன். அலுமினியம் கொதித்தது. தரை அதைவிடக் கொதித்தது. நான் கால் மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்து ஹனாதி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து என் காலடியில் ஊற்றினாள். இரக்கப்பட்டு ஊற்றினாளா, ஈரத் தரையில் கரண்டு நன்றாக இறங்கும் என்று தெரிந்து ஊற்றினாளா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. மிக்தாத் ஏறினான். உறைகளைப் போடவில்லை. மேலே அவன் கம்பியை இழுத்து முறுக்குகிற ஒவ்வொரு இழுப்பும் என் கைக்கு வந்தது.

கால்மணி நேரம் ஆகியிருக்கும். கூட்டம் கலையவில்லை. அபூ நிப்ராஸின் வாசலிலிருந்து மீன் பெட்டியின் தண்ணீர் ஒழுகி, தெருவோரமாக என் பக்கம் ஓடிவந்தது. அதில் ரத்தம் கலந்து லேசான சிவப்பு. காலையிலிருந்து குளிர் இல்லாத மீன்.

"உஸ்தாத்," என்று கூப்பிட்டார் அவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "மீன் எல்லாம் உருகுது. இன்னும் அரைமணி போனா ஆத்துலதான் கொட்டணும். காலையில மாட்டேன்னேன், இப்ப நீங்க சொல்லுங்க, மிஷினப் போடட்டுமா?"

தெருவே என்னைப் பார்த்தது. அவருடைய மிஷினிலிருந்து ஒரே வயர்தான் போகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் போய்ப் பார்த்ததில்லை. என் கையில் கம்பி, காலடியில் தண்ணீர், மீட்டர் மாடியில் கிடந்தது.

மேலே இழுப்பு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். மிக்தாத் பெல்ட்டில் சாய்ந்துகொண்டு இரண்டு கைகளையும் காற்றில் விரித்துக் காட்டினான்.

"நான் கைய எடுத்துட்டேன் மச்சான். உங்களைத்தான் கேக்கறாரு. பதில் சொல்லுங்க."

"போடுங்க, அபூ நிப்ராஸ்," என்றேன்.

அவர் எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு, அவசரமில்லாமல் உள்ளே போனார். கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. மிஷின் இருமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடி நின்றது. மூன்றாவது இழுப்பில் அது பிடித்துக்கொண்டு ஓடியது. நான் கண்ணை மூடிக்கொண்டு கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.